மலையை அளக்கும் செய்மதி: லயனில் இருப்பவர் எங்கே போவது?

2025 நவம்பர் இறுதியில் வீசிய டிட்வா புயல் இலங்கையில் 600 க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்கள் மண்சரிவுகளால் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. அதன் பிறகு அப்புத்தளையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் நான் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: மலை நகர்வதை முன்கூட்டியே கண்டறிய முடியாதா?

ஓரளவுக்கு முடியும். ஒரு லேசர் கதிரை இரண்டாகப் பிரித்து, வேறுவேறு பாதைகளில் அனுப்பி மீண்டும் சேர்த்தால் ஒளியும் இருளுமான வரிகள் தோன்றும். பாடசாலைப் பௌதிகவியலில் இதைத் தலையீடு என்று படித்திருப்போம். ஒரு பாதையில் மிகச் சிறிய மாற்றம் நேர்ந்தாலும் வரிகள் இடம் மாறும். ஒலியைவிட வேகமாகப் பாயும் காற்றின் அடர்த்தி மாற்றங்களை ஆய்வுகூடங்களில் இந்த முறையில் அளக்கிறார்கள்.

செய்மதிகள் இதே தத்துவத்தை ராடார் அலைகளைக் கொண்டு செயற்படுத்துகின்றன. ஒரே சரிவை இரு வேறு நாட்களில் அளந்து ஒப்பிட்டால், தரை சில சென்றிமீற்றர் நகர்ந்திருந்தாலும் தெரியும். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்திய – அமெரிக்கக் கூட்டுச் செய்மதியான நிசார் 12 நாட்களுக்கு ஒருமுறை அதே இடத்தின் மேலாகத் திரும்பி வருகிறது. அதன் சுமார் 24 சென்றிமீற்றர் நீள அலை, மரஞ்செடிகளுக்கு ஊடாகவும் தரையை எட்டக்கூடியது.

ஆனால் ஒரே இரவு மழையில் பெயர்ந்து விழும் சரிவுக்கு 12 நாள் இடைவெளி மிக நீண்டது. அதற்கு மழைமானிதான் வேண்டும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற்றம் என்பது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் வரையறை.

கருவிகள் இல்லாததுதான் பிரச்சினையா? அப்புத்தளை மலைத்தொடருக்குக் கீழே, கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலை லயன்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. மக்கள் அங்கேயே இருந்தார்கள். போவதற்கு வேறு நிலம் அவர்களிடம் இருக்கவில்லை. தோட்ட நிலம் அரசுடையது. பெரும்பாலும் கம்பனிகளின் குத்தகையில் உள்ளது. தலைமுறை தலைமுறையாக லயனில் வாழ்பவரிடம் காணி உறுதி இல்லை.

வடக்கிலும் கிழக்கிலும் போரைக் கடந்து வந்தவர்களுக்கு இது புதிதல்ல. 2009 இல் வன்னியின் 'பாதுகாப்பு வலயங்களை' செய்மதிகள் மேலிருந்து படம்பிடித்தன. ஐ.நா.வின் செய்மதிப் பிரிவு அவற்றை ஆராய்ந்தும் பார்த்தது. கீழே இருந்தவர்களை அது காப்பாற்றவில்லை. அவர்களுள், 1977 வன்முறைக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்களும் இருந்தன.

ஆகவே, அடுத்த மழைக்காலத்துக்கு முன் அரசிடம் நாம் கேட்க வேண்டியவை மூன்று. ஒவ்வொரு தோட்டத்தின் ஆபத்து வரைபடமும் தமிழில் அந்தத் தோட்டத்திலேயே வைக்கப்பட வேண்டும். வெளியேறச் சொல்லும் அறிவித்தல் இரவிலும் லயன்வரை தமிழில் வந்து சேர வேண்டும். வெளியேறும் குடும்பத்துக்குப் பாதுகாப்பான இடத்தில், உறுதியுடன் கூடிய காணி வேண்டும். முதல் இரண்டுக்கும் பெரிய செலவில்லை. மூன்றாவது கிடைக்காவிட்டால், எச்சரிக்கையைக் கேட்டு வெளியேறியவர்கள் மழை விட்டதும் அதே லயனுக்குத்தான் திரும்பி வருவார்கள்.