பக்கவாதத்தை எண்ணுவது எளிதல்ல

சிங்கப்பூரில் 2011ஆம் ஆண்டு பதிவான பக்கவாதச் சம்பவங்கள் 6,000ஐச் சற்றே தாண்டின. 2021ல் அந்த எண்ணிக்கை 9,000க்கு மேல் சென்றுவிட்டது. சமூகம் மூப்படைவதுதான் காரணமா, இளையரின் வாழ்க்கைமுறையா என்று நாம் உடனே விவாதிக்கத் தொடங்கிவிடுகிறோம். சுகாதாரத் தரவுகளைப் பாடமாகப் படிக்கும் எனக்கு அதற்கு முன்பே ஒரு கேள்வி எழுகிறது. இந்த எண்ணிக்கையை எப்படிக் கணக்கிட்டார்கள்?

மருத்துவமனைக் கணினியில் தேடினால் விடை கிடைத்துவிடும் என்று தோன்றலாம். சிகிச்சை முடிந்து நோயாளி வீடு திரும்பும்போது அவருடைய நோய்க்கு ஓர் அனைத்துலகக் குறியீடு பதியப்படுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 பட்டியலில், மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாய் அடைபட்டு ஏற்படும் பக்கவாதத்துக்கு ஐ63, மூளைக்குள் ரத்தம் கசிந்தால் ஐ61, பழைய பக்கவாதத்தின் பின்விளைவுக்கு ஐ69. ஆனால், மருத்துவமனைகளின் அன்றாடப் பணியில் இக்குறியீடுகள் பெரும்பாலும் கட்டணக் கணக்குக்கும் நிர்வாகத்துக்கும் பயன்படுகின்றன. நோயாளிகளை எண்ணுவதற்கு அவை மட்டும் போதுமா?

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. 70 வயது தாத்தா ஒருவர் பக்கவாதத்தால் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். இரண்டு வாரம் கழித்து மறுவாழ்வுச் சிகிச்சைக்காகச் சமூக மருத்துவமனைக்கு மாற்றப்படுகிறார். மறு ஆண்டு நிமோனியாவுடன் மீண்டும் வருகிறார். அப்போது பழைய பக்கவாதம் தவறுதலாகப் புதியது என்று பதியப்படுகிறது. அவருக்கு வந்தது ஒரு பக்கவாதம். குறியீடுகளை மட்டும் எண்ணினால் மூன்று!

இதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம். 38 வயதுப் பெண்ணுக்குச் சிறுமூளையில் பக்கவாதம். அறிகுறி தலைச்சுற்றல் மட்டுமே. ‘தலைச்சுற்றல்’ என்ற குறியீட்டுடன் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். அவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்.

ஆகவே, ஆய்வாளர்கள் இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். பக்கவாதம் என்று பதியப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு அது உண்மையிலேயே வந்தது? உண்மையில் வந்தவர்களில் எத்தனை பேர் அப்படிப் பதியப்பட்டார்கள்? முதல் கேள்விக்கு நல்ல விடை கிடைத்தாலும் இரண்டாவதில் பதிவேடு தவறிப்போகலாம்.

சிங்கப்பூர் இதற்கு ஒரு வழி கண்டுள்ளது. 2007ல் தேசிய நோய்ப் பதிவகச் சட்டம் நிறைவேறியது. பக்கவாதத்துக்கென்றே ஒரு பதிவகம் இயங்குகிறது. கட்டணக் கோரிக்கைகள், மருத்துவமனைப் பதிவுகள், மரணப் பதிவுகள் ஆகியவற்றிலிருந்து முதலில் ஒரு பட்டியல் திரட்டப்படுகிறது. பிறகு, பதிவக ஊழியர்கள் மருத்துவக் குறிப்புகளைப் படித்து ஒவ்வொரு சம்பவத்தையும் சரிபார்க்கிறார்கள். குறியீடு அவர்களுக்குத் தொடக்கப்புள்ளி மட்டுமே.

இவ்வளவு உழைப்பு தேவையா? தேவை என்பேன். ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். எந்த மருத்துவமனையில் 24 மணி நேரக் குழு வேண்டும், எத்தனை சிகிச்சையாளர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்பதெல்லாம் இந்த எண்ணிக்கையைப் பார்த்தே திட்டமிடப்படுகின்றன. இளம் நோயாளிகள் கணக்கில் விடுபட்டால், விழிப்புணர்வு இயக்கங்களிலும் அவர்கள் விடுபடுவார்கள்.

தவறு ஆண்டுதோறும் ஒரே அளவில் இருந்தால், எண்ணிக்கை கூடுகிறதா குறைகிறதா என்பதையாவது ஓரளவு நம்பலாம். பதியும் முறை மாறும்போதுதான் சிக்கல். 2022 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்த ஐசிடி-11ல் பக்கவாதம், ரத்த ஓட்ட நோய்களின் பிரிவிலிருந்து நரம்பு மண்டல நோய்களின் பிரிவுக்கு மாற்றப்பட்டது. ஒரு நாடு அதற்கு மாறும்போது, ஒருவர்கூடக் குணமாகாமலேயே ‘ரத்த ஓட்ட நோய்கள்’ குறைந்ததுபோல் தோன்றலாம்.

செயற்கை நுண்ணறிவுக்கும் இன்று இதே பதிவுகள் பயிற்சித் தரவாகின்றன. பதிவில் உள்ள பிழையையும் அது பாடமாகவே கற்றுக்கொள்ளும்.

திட்டப்பணிக்காகச் சுகாதாரப் புள்ளிவிவரங்களைத் தேடும் நண்பர்களே, எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அது எதற்காகப் பதியப்பட்டது, யார் சரிபார்த்தார், இடையில் முறை மாறியதா என்று கேளுங்கள். அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் விளக்கக் குறிப்பைப் படிக்கப் பத்து நிமிடம் போதும்.