புதுக்குட்டி வரும் நாளில் பழைய நாயை மறவாதீர்



தோட்டத்து லயமானாலும் டவுன் வீடானாலும், நாய் வளர்க்கும் நம் குடும்பங்களில் அடிக்கடி நடக்கிற காரியம் இது. பக்கத்து லயத்தில் நாய் குட்டி போடும். பிள்ளைகள் ஒன்றைக் கேட்டு அழுவார்கள். அப்பாவும் மனமிரங்கி, அட்டைப்பெட்டியில் குட்டியைக் கொண்டுவந்து, வாசலில் படுத்திருக்கும் பெரிய நாயின் முன்னால் இறக்கிவிடுவார். பிறகு ஒரு நொடி போதும். குட்டி கடிபட்டுக் கிடக்கும், பிள்ளைகள் அலறுவார்கள், பெரிய நாய்க்கு விறகுக்கட்டையால் அடி விழும். சிலர் அதைச் சாக்கில் கட்டித் தூரத்தில் விட்டுவிட்டும் வருகிறார்கள். ஆண்டுக்கணக்காக இரவில் காவல் இருந்த ஜீவனுக்கு இதுவா கூலி?

வீட்டையும் வாசலையும் சோற்றுத் தட்டையும் நாய் தன் உரிமையாக நினைக்கிறது. அங்கே திடீரென்று அந்நியம் நுழைந்தால் சீறத்தான் செய்யும். ஆகவே குட்டியின் உயிரைக் காக்க விரும்புகிறவர்கள், முதலில் பெரிய நாயின் மனத்தைக் கவனிக்க வேண்டும்.

குட்டிக்கு 8 வாரம் ஆகும் முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம், எப்போது விலகிப் போக வேண்டும் என்பதைத் தாயும் கூடப்பிறந்த குட்டிகளும்தான் கற்றுத் தருகின்றன. அந்தப் பாடம் படிக்காத குட்டி, பெரிய நாயின் வாலையும் காதையும் விடாமல் கடித்து வம்பை வாங்கிக்கொள்ளும்.

தடுப்பூசியும் முக்கியம். 6 முதல் 8 வாரத்தில் முதல் ஊசி; பிறகு 16 வாரம் வரை, மிருக வைத்தியர் சொல்லும் இடைவெளியில் அடுத்த ஊசிகள். 1978-இல் உலகெங்கும் பரவிய பார்வோ என்னும் நோய், வாந்தியும் இரத்தபேதியுமாகக் குட்டிகளைச் சில நாளில் கொன்றுவிடும். அதன் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பெரிய நாய்க்கும் ஊசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் பூச்சி மருந்து கொடுங்கள். நாயின் கொக்கிப்புழு, வெறுங்காலோடு மண்ணில் விளையாடும் நம் பிள்ளைகளையும் பற்றும்.

இனி, அறிமுகம் செய்யும் முறை. முதல் நாள், குட்டி படுத்த துணியைப் பெரிய நாய் முகர்ந்து பார்க்கட்டும். மறுநாள் இரண்டையும் உங்கள் வாசலில் சந்திக்க வைக்காமல், நாய் இல்லாத ஓர் அண்டை வீட்டின் சிமெண்டுத் தரைக்குக் கொண்டுபோங்கள். ஊசி முடியாத குட்டியைத் தெருநாய்கள் திரியும் திடலில் இறக்க வேண்டாம்.

பெரியவர்கள் இருவர் வேண்டும். ஒருவர் பெரிய நாயின் கயிற்றைப் பிடிக்கட்டும். கயிறு தொய்வாக இருக்க வேண்டும். இறுக்கினால் நாய்க்கும் பதற்றம் கூடும். மற்றவர் தரையில் உட்கார்ந்து குட்டியை முழங்கால்களுக்கிடையே வைத்துக்கொள்ளட்டும். மார்போடு தூக்கிக் காட்டினால் நாய் எம்பிப் பாயும். இரண்டு மூன்று நொடி முகர்ந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு துண்டு கருவாடோ ரொட்டியோ கொடுங்கள். இப்படி நாலைந்து முறை செய்தால் அன்றைக்குப் போதும்.

நாயின் உடம்பே பேசும். உடம்பு தளர்ந்து, முன்னங்கால்களைத் தாழ்த்தினால் விளையாட அழைக்கிறது. உடம்பு விறைத்து, முறைத்த பார்வையோடு அசையாமல் நின்றால் உடனே விலக்குங்கள். உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் அதன் எச்சரிக்கை. உறுமியதற்கு அடி வாங்கிய நாய், அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். குட்டி வம்பு செய்யும்போது பெரியது காயமில்லாமல் ஓர் அதட்டல் போட்டால், அது கண்டிப்பு. அதில் தலையிட வேண்டாம்.

வீட்டுக்கு வந்தபின் தட்டும் தண்ணீரும் படுக்கையும் வேறு வேறாக இருக்கட்டும். பெரிய நாய்க்கே முதல் சோறு. கோழி எலும்பும் மீன் தலையும் வைத்துச் சண்டை மூட்டாதீர்கள். தலைப்பிள்ளைக்குத் தம்பி பிறந்தால் மடியில் தனியே வைத்துக் கொஞ்சுகிறோம் அல்லவா? அதுபோல் தினமும் கால் மணி நேரமாவது பெரிய நாயோடு தனியே இருங்கள். நீங்கள் பிரட்டுக்கோ டவுனுக்கோ போகும்போது குட்டியைக் கம்பிக் கூண்டிலோ பலகை அடைப்பிலோ விட்டுச் செல்லுங்கள். முழுதாகப் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும்; சில நாய்களுக்கு மாதத்துக்கு மேலும் ஆகும்.

சண்டை மூண்டால் நடுவில் கையை விடாதீர்கள். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுங்கள். அல்லது பலகையை இடையில் செருகுங்கள். பிள்ளைகளைக் கிட்டே விடக்கூடாது. யாருக்காவது கடிபட்டால் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே கிளினிக்குக்குப் போங்கள். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கிலும், 2017 முதல் சரவாக்கிலும் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியதை மறக்க வேண்டாம்.

எவ்வளவு முயன்றும் பெரிய நாய் குட்டியைக் கவ்வி உலுக்கவே பார்க்கிறதா? காட்டுப்பன்றி துரத்திப் பழகிய நாய்கள் சிலவற்றுக்கு அந்தச் சுபாவம் உண்டு. அப்படியானால் குட்டியை நல்ல வீடாகப் பார்த்துச் சீக்கிரமே கொடுத்துவிடுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. குட்டிக்கு வேறு வீடு கிடைக்கும். வயதான நாய்க்கு உங்கள் வாசலை விட்டால் வேறு போக்கிடம் ஏது?