கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள், அப்பா!

உங்கள் வீட்டுப் பிள்ளையின் ஸ்கூல் 'ப்ராஜெக்ட்'டைக் கடைசியாகச் செய்தது யார்? மனசைத் தொட்டுச் சொல்லுங்கள். பிள்ளையா, நீங்களா, அல்லது தெருமுனை ஸ்டேஷனரி கடைக்காரரா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, ரீஃபில் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். ஒரு அப்பா வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். "ஏரோப்ளேன் மாடல் ஒண்ணு இருக்கா? நாளைக்குக் காலைல ஸ்கூல்ல குடுக்கணும்" என்றார். தெர்மோகோலில் செய்து வெள்ளி பெயின்ட் அடித்து வைத்திருந்த விமானத்தைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். கூட வந்த பையனுக்கு ஒன்பது, பத்து வயசு இருக்கும். ஆசையாகக் கையை நீட்டினான். "தொடாதே, உடைஞ்சிடும்!" என்று அப்பா அதட்ட, கை தானாக டிராயர் பாக்கெட்டுக்குள் போய்விட்டது.

அந்த அப்பாவைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்குக் கிடையாது. என் அப்பாவும் ஒரு தடவை அதைத்தான் செய்தார். நானும் பின்னாளில் அதையே செய்தேன். யாருக்குச் செய்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

பல்லி குடியேறிய விமானம்

திருச்சி பொன்மலை ரயில்வே காலனி. வருஷம் 1975. எனக்குப் பத்து வயது முடிந்திருந்தது. அப்பா ரயில்வே ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர். சங்கு ஊதினால் போவார், சங்கு ஊதினால் வருவார். அதிகம் பேசமாட்டார். "சாப்பிட்டியா?", "படிச்சியா?" இந்த இரண்டு கேள்விகளோடு எங்கள் உறவு ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் தபால்காரர் வி.பி.பி.யில் ஒரு நீளமான அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே மெல்லிய பால்ஸா பலகைகள், ஒரு வரைபடம், ஒரு துண்டு உப்புத்தாள். என்ஜின் இல்லாத, கையால் வீசிப் பறக்கவிடும் கிளைடர் விமானத்தின் 'கிட்'! பால்ஸா, தென் அமெரிக்கப் பக்கத்து மரம். ஈக்வடாரில் அதிகம் வளர்கிறது. தேக்கின் எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் இருக்கும். கையில் எடுத்தால் எதையோ எடுத்த மாதிரியே தெரியாது.

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அப்பா வேலையை ஆரம்பித்தார். ஆமாம், அப்பாதான் ஆரம்பித்தார். ஒர்க் ஷாப்பில் நூல் பிசகாமல் வேலை செய்து பழகிய கை. அளந்தார், வெட்டினார், தேய்த்தார், ஒட்டினார். எனக்குக் கொடுத்த உத்தியோகம் டார்ச் லைட் பிடிப்பது! இரண்டே ராத்திரியில் விமானம் ரெடி. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் வீசினார். என்ன அழகாகப் பறந்தது தெரியுமா! காலனிப் பையன்கள் எல்லோரும் கை தட்டினார்கள்.

விமானம் தூரத்தில் போய் இறங்கியது. நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அப்பாவே நடந்து போய் எடுத்துவந்தார். அன்றைக்கு அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்த விமானம் பீரோ மேல் ஏறியது. நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நாளில் பல்லி ஒன்று அதில் குடும்பம் நடத்த ஆரம்பித்துவிட்டது.

அஞ்சு சொம்பு தண்ணீர்

ஆறு மாதம் கழித்து அதே மாதிரி இன்னொரு பெட்டி வந்தது. இந்தத் தடவை அப்பா பெட்டியை என் முன்னால் வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இது உன் ப்ளேன். நான் வேடிக்கை பாக்கத்தான் உக்காந்திருக்கேன்."

வெட்ட ஆரம்பித்தேன். இடது இறக்கை, வலதைவிட அரை விரல் குறைந்துவிட்டது. அப்பா பார்த்துவிட்டார். உதடு துடித்தது. எழுந்து போய்ப் பானையிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கோந்தை அப்பி எடுத்தேன். மறுபடியும் எழுந்து போனார். வால் பகுதி கோணலாக ஒட்டிக்கொண்டது. மறுபடியும் தண்ணீர்! அன்றைக்கு ராத்திரி மொத்தம் அஞ்சு சொம்பு. "சாயங்காலம் சாப்பிட்ட கடலை உருண்டைதான் தாகம் எடுக்குதோ?" என்று அம்மாவுக்கு ஒரே கவலை.

விமானம் எப்படிப் பறந்திருக்கும்? வீசியதும் இடது பக்கமாக ஒரு வட்டம் அடித்து, மூக்கு குத்த மண்ணில் விழுந்தது. பையன்கள் சிரித்தார்கள். ஆனால், அது தரையைத் தொடுவதற்கு முன்பே நான் ஓட ஆரம்பித்திருந்தேன். எனக்குப் பின்னாலேயே அப்பாவும் ஓடி வந்தார்.

"இறக்கை சின்னதா போனதை நீங்க பாத்தீங்களேப்பா, ஏன் சொல்லலை?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா சரியா வெட்டியிருப்பே. ஆனா பாத்திருக்க மாட்டே" என்றார்.

அதற்குப் பிறகு நான் கேட்டதை மட்டும் சொல்லிக்கொடுத்தார். இறக்கை முனைகள் இரண்டும் கொஞ்சம் மேலே தூக்கியிருந்தால் ஒரு பக்கமாகச் சாயும் விமானம் தானே நிமிரும். அதற்காக, கோந்து காயும்வரை இறக்கை முனைக்கு அடியில் தீப்பெட்டியை வைத்து நிறுத்தச் சொன்னார். இறக்கைக்கு அடியில், முன் ஓரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, இரண்டு விரல்களால் தாங்கிப் பார்த்தால் விமானம் தராசு முள் மாதிரி நிற்க வேண்டும். மூக்கைத் தூக்கித் தூக்கி விழுந்தால் மூக்கில் கொஞ்சம் களிமண் ஒட்ட வேண்டும். தலைகுப்புறப் பாய்ந்தால் களிமண்ணைக் கிள்ளி எடுக்க வேண்டும். கிள்ளினோம், ஒட்டினோம். பொழுது சாயும்போது அந்தக் கோணல் விமானம் பறந்தது.

அதைவிடப் பெரிய அதிசயம் ஒன்று நடந்தது. அப்பா பேச ஆரம்பித்தார்! வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அரத்தைத் தப்பாகப் பிடித்து மேஸ்திரியிடம் குட்டு வாங்கிய கதை, கெடுத்த இரும்புத் துண்டை டிபன் பாக்ஸில் ஒளித்துவைத்த கதை... அப்பாவும் தப்புச் செய்திருக்கிறார் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்!

எதிரெதிரே உட்கார்ந்து 'பேசலாம் வா' என்றால் எந்தப் பையனும் பேசமாட்டான். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஒரே மரத்துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தால், பேச்சு தானே வரும். இது என் அனுபவம். நீங்களும் செய்து பாருங்கள்.

ஒரு பொம்மை செய்த வேலை

1878-ல் அமெரிக்காவில் மில்டன் ரைட் என்ற பாதிரியார் வெளியூரிலிருந்து வீடு திரும்பும்போது பிள்ளைகளுக்கு ஒரு பறக்கும் பொம்மை வாங்கிவந்தார். கார்க், மூங்கில், காகிதம், முறுக்கிவிட ஒரு ரப்பர், அவ்வளவுதான். பெரியவன் வில்பருக்கு 11 வயது, சின்னவன் ஆர்வில்லுக்கு 7. பொம்மை சீக்கிரமே உடைந்துபோனது. பையன்கள் அதைப் பார்த்துத் தாங்களே புதிதாகச் செய்தார்கள். பெரிதாகச் செய்தபோது சரியாகப் பறக்கவில்லை. ஏன் என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். 1903 டிசம்பர் 17-ல் அந்தச் சகோதரர்களின் விமானம் மனிதனை ஏற்றிக்கொண்டு 12 விநாடி பறந்தது.

உங்கள் பிள்ளை ரைட் சகோதரர் ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. உடைந்த பொம்மையைப் பிள்ளைகளின் கையிலேயே விட்டுவைத்த வீடு அது என்பதைத்தான் சொல்கிறேன்.

டாக்டர்கள் என்ன சொல்கிறார்கள்?

விரல் நுனியால் எடுப்பது, பொருத்துவது, தேய்ப்பது எல்லாம் கைக்கும் கண்ணுக்கும் சேர்ந்து வேலை செய்யும் பழக்கத்தைத் தருகின்றன. எழுதுவதற்கும் பட்டன் போடுவதற்கும் இதே திறமைதான் வேண்டும். செல்போன் திரையை விரலால் தள்ளுவதில் இது வராது. இரண்டு முதல் நாலு வயதுக் குழந்தைகள் உட்கார்ந்து திரை பார்க்கும் நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது.

கண்ணுக்கும் லாபம் உண்டு. சீனாவில் குவாங்சோ நகரத்தில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பிரிவினரைத் தினம் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டு மூன்று வருடம் கவனித்தார்கள். அவர்களில் 30.4 சதவிகிதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வழக்கம்போல இருந்த பிள்ளைகளில் 39.5 சதவிகிதம் பேருக்கு வந்தது. 2015-ல் வெளியான ஆய்வு இது. விமானம் செய்கிற பிள்ளை அதைப் பறக்கவிட வெயிலுக்கு வந்துதானே ஆக வேண்டும்?

ஜாக்கிரதை விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். சின்னப் பிள்ளையாக இருந்தால் பிளேடு வேலை பெரியவர்களுடையது, உப்புத்தாள் வேலை பிள்ளையுடையது. பிளாஸ்டிக் மாடல் ஒட்டும் பசையின் நெடி தலைவலி, கிறுகிறுப்பைத் தரும். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். மரத்துக்கு, தண்ணீரில் கரையும் வெள்ளைப் பசையே போதும். 'சூப்பர் க்ளூ' விரலில் ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாகப் பிரியுங்கள். கண்ணில் பட்டால் தண்ணீரால் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள். இமையைப் பலவந்தமாகத் திறக்க வேண்டாம். இழுப்பு உள்ள பிள்ளை மரத்தூளுக்கு மாஸ்க் கட்டிக்கொள்ளட்டும். தவழும் குழந்தை இருந்தால் சின்னத் துண்டுகளைத் தரையில் விடாதீர்கள். கரன்ட் கம்பியில் மாட்டிய விமானத்தை மறந்துவிடுங்கள்!

நேரம் எங்கே இருக்கிறது?

"எட்டு மணிக்கு வீட்டுக்கு வர்றேன். இதுக்கெல்லாம் நேரம் ஏது?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. என் அப்பாவுக்கும் நேரம் இல்லை. வாரத்தில் ஒரு ராத்திரி, முக்கால் மணி நேரம். அவ்வளவுதான் கொடுத்தார். நேரத்தைவிடக் கஷ்டமானது, கையைச் சும்மா வைத்திருப்பது. 'நான் செஞ்சா அஞ்சு நிமிஷத்தில் முடியுமே' என்று மனசு குறுகுறுக்கும். அந்த அஞ்சு நிமிஷத்தை மிச்சப்படுத்தி என்ன செய்யப்போகிறோம்?

மிச்சப்படுத்திப் பார்த்தவன் நான். அதைத்தான் கடைசியில் சொல்கிறேன் என்றேன்.

2013-ல், 77 வயதில், அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் நாங்கள் ராஜ உபசாரம் செய்தோம். சாப்பாடு ஊட்டினோம், தலை வாரினோம், சட்டை பட்டனை நானே போட்டுவிட்டேன். "அவரையே செய்ய விடுங்க ஸார். லேட்டானாலும் பரவாயில்லை" என்று பிஸியோதெரபிஸ்ட் படித்துப் படித்துச் சொன்னார். பக்கவாதம் வந்த கையைத் திரும்பத் திரும்ப உபயோகித்தால்தான் மூளையின் நல்ல பகுதிகள் அந்த வேலையைப் புதிதாகக் கற்றுக்கொள்ளும் என்று விளக்கினார். தலையை ஆட்டினேன். ஆனால் ஆபீசுக்கு நேரமாகிறதே! பட்டனைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அப்பா கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிப்போனார். வலது கையை மடியில் போட்டு, துண்டால் மூடிவைத்துக்கொள்வார். கடைக்குப் போன அந்தப் பையனின் கை பாக்கெட்டுக்குள் போனதே, அதே மாதிரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினொரு வயதான என் மகள் தன் பிறந்தநாளுக்கு வந்த கிளைடர் கிட்டைப் பிரித்தாள். "தாத்தா, இதைத் தேச்சுக் குடுங்க" என்று இறக்கையையும் உப்புத்தாளையும் அவர் மடியில் வைத்துவிட்டாள். அவளுக்கு அவர் நோயாளி என்பதே ஞாபகம் இல்லை. அப்பா இடது கையால் இறக்கையைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் தேய்க்கப் பார்த்தார். உப்புத்தாள் நழுவியது. எடுத்தார். மறுபடியும் நழுவியது. என்னால் தாங்க முடியவில்லை. "குடுங்கப்பா, நான் தேய்க்கறேன்" என்று கையை நீட்டினேன்.

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பேச்சு வரவில்லை. இறக்கையை மடியில் வைத்துவிட்டு, நல்ல கையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்காட்டினார்.

முப்பத்தெட்டு வருடம் கழித்து எனக்கு அது புரிந்தது. இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் ஒரு இறக்கையைத் தேய்க்க ஒரு மணி நேரம் ஆனது. நடுவில் நான் மூன்று தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

கை பழையபடி சரியாகிவிட்டது என்று கதை விடமாட்டேன். ஆனால், சில மாதங்களில் சட்டையின் மேல் மூன்று பட்டன்களை அவரே போட்டுக்கொண்டார். கீழே உள்ளவற்றை நான் போட அனுமதித்தார். 2017-ல் காலமாகும்வரை அந்த ஏற்பாடு நடந்தது.

பொம்மை வாங்கித்தந்த மில்டன் ரைட்டுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லவில்லையே. 1910 மே 25-ல் ஆர்வில் தன் அப்பாவை விமானத்தில் ஏற்றிக்கொண்டு பறந்தார். அப்போது பெரியவருக்கு 81 வயது. ஏழு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகப் பறந்தார்கள். பயப்படுவார் என்று பார்த்தால், இன்னும் மேலே போகச் சொன்னாராம்!

அடுத்த முறை உங்கள் பிள்ளை எதையாவது கோணலாக ஒட்டிக்கொண்டிருந்தால், ஓடிப்போய்ப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். வீட்டில் வயசானவர் பட்டனோடு போராடினாலும் அப்படித்தான். ரொம்பத் தாங்க முடியவில்லை என்றால், எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணீர் குடியுங்கள். உடம்புக்கும் நல்லது!