செய்தித்தாளும் சுடலையும்

கொள்ளைநோய் எல்லார்க்கும் ஒன்றேயாயினும், அதைப்பற்றிய செய்தி எல்லார்க்கும் ஒன்றாய் இருப்பதில்லை. எழுதுவோன் வளர்ந்த வீடும் வழக்கமும் அவனறியாமலே தலைப்பைத் தேர்ந்து கொடுத்து விடுகின்றன.

2020 ஏப்பிரலில், கொரோனாவால் இறந்தோர் உடல்களை எரித்தேயாகவேண்டுமென இலங்கை அரசு வர்த்தமானியில் விதித்தது. புதைத்தலும் எரித்தலும் இரண்டும் தக்கனவே என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல். நிலத்தடி நீர் கெடுமென்ற வாதமோ நிறுவப்படவில்லை. சுடலையை இயல்பெனக் கொண்ட சைவராகிய நம்மிற் பலர்க்கு இது பத்தோடு பதினொன்றான ஒரு சுகாதார அறிவித்தல். முஸ்லிம் வீடொன்றிலோ அதுவே அன்றைய ஒரே செய்தி. நமக்குச் சுடாத நெருப்பு நம் பத்திரிகைத் தலைப்பிலும் சுடாதன்றோ? பிறந்து இருபது நாளே ஆன முஸ்லிம் சிசுவொன்று அவ்வாண்டு டிசெம்பரில் எரிக்கப்பட்டபின், பொரளை மயான வேலியில் மக்கள் வெண்துணி கட்டினர். அத்துணிக்குப் பின்னரே பலர் கண்விழித்தனர். 2021 பெப்ரவரியில் பொத்துவில் தொடக்கம் பொலிகண்டி வரை சென்ற பேரணியில் தமிழர் இக்கோரிக்கையையும் உடன் சுமந்தனர் என்பது நமக்கு ஓர் ஆறுதல். அம்மாத இறுதியில் அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. ஓட்டமாவடியில் நிலம் ஒதுக்கப்பட்டது. அரசு மன்னிப்புக் கோர 2024 ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.

அதே டிசெம்பரில் கேகாலைப் பாணியின் கதையும் நடந்தது. காளி அருளியதெனப்பட்ட அம்மருந்துக்காக ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தனர். சுகாதார அமைச்சரே அதைப் பருகினார். அடுத்த மாதம் அவரையும் நோய் தொற்றியது. நாட்டு வைத்தியத்தின்மேற் பற்றுக் கொள்ளுதல் பழுதன்று. அப்பற்றைக் காட்டி, கேட்கவேண்டிய கேள்வியைக் கேளாது விடுதலே பழுது.

வழக்கமெல்லாம் செய்திக்குப் பகையென்று யான் கூறவில்லை. அம்மை கண்ட வீட்டு வாசலில் நம் முன்னோர் வேப்பிலை செருகினர். அயலார் விலகி நின்றனர். எவரும் நோயாளியைக் குற்றவாளியாக்கவில்லை. அவர் அதனை அம்மாள் வருத்தமென்றே அழைத்தனர். ஆனால் 2020 இல், தொற்றியவரைப் ‘பரப்பியவர்’ என்றெழுதவும் சமயத்தைச் சுட்டவும் சில பேனைகள் கூசவில்லை. அந்தப் பழைய அடக்கம் எங்கே போயிற்று?

நம் கல்லூரியில் இன்று செய்தி எழுதப் பழகும் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள்: இறப்பையும் நோயையும் பற்றி எழுதியதை அச்சுக்கு அனுப்புமுன், அயல் மதத்து நண்பர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள்.