உருள மறுத்த சக்கரம்

அல்சூரில் எங்கள் வீட்டிற்கு அடுத்த தெருவில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்கிறது. தந்தையார் சேலத்துப் பக்கத்திலிருந்து இளமையிலேயே பிழைப்பை நாடி இந்நகருக்கு வந்தவர். தொழிற்சாலையொன்றில் பிட்டராக உழைத்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகன், சக்லேஷ்பூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டம் ஒன்றிலிருந்து 1968ஆம் ஆண்டின் ஜீப் ஒன்றை வாங்கி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். "இந்தப் பொங்கலுக்கு அப்பாவை இதில்தான் ஊருக்கு அழைத்துச் செல்லப் போகிறேன்" என்று தெருவெல்லாம் சொல்லியும் விட்டார். ஆனால் வண்டியோ நின்ற இடத்தை விட்டு அசைய மறுத்தது. நான்கு மழைக்காலம் கொட்டகையில் நின்றதில் முன்பக்க வலச்சக்கரம் ஒன்றைத் தவிர மற்ற மூன்றிலும் பிரேக் இறுகிவிட்டது.

என்னை அழைத்துக் காட்டினார். "மாமா, லாரியில் சங்கிலி கட்டி இழுத்தால் விட்டுவிடாதா?" என்று கேட்டார்.

"விட்டுவிடும், தம்பி. எது விடும் என்பதுதான் கேள்வி" என்றேன். இளமையில் நானும் அவ்வாறு ஒரு வண்டியை இழுத்தவன். சக்கரம் உருண்டது, ஆனால் உள்ளே லைனர் ஷூவிலிருந்து பிய்ந்து சுருண்டு, டிரம்மும் விரிசல் கண்டது. இரண்டு நாள் பொறுத்திருந்தால் மிஞ்சியிருக்கும் பொருளை இரண்டு நிமிடத்தில் இழந்தேன்.

இவ்வண்டியின் குலத்தைப் பற்றி ஒரு சொல். இரண்டாம் உலகப் போருக்காக 1941 முதல் 1945 வரை அமெரிக்காவில் ஆறு லட்சத்திற்கும் மேற்பட்ட ஜீப்புகள் செய்யப்பட்டன. 1947 முதல் மகிந்திரா நிறுவனத்தார் வில்லிஸ் ஜீப்பின் பாகங்களை வரவழைத்துப் பம்பாயில் பூட்டத் தொடங்கினர். பின்னர் இங்கேயே செய்யலாயினர். நம் ஊர்ப் பழைய ஜீப்புகள் பலவும் அவ்வழி வந்தவையே.

இவற்றின் கால் பிரேக் எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது. மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிரேக் ஆயில் குழாய் வழியே நான்கு சக்கரங்களுக்கும் சென்று, அங்குள்ள சிறு சிலிண்டர்களின் பிஸ்டன்களைத் தள்ளும். அவை ஷூக்களை டிரம்மின் உட்சுவரோடு அணைக்கும். காலை எடுத்தால் ஸ்பிரிங்கு ஷூக்களைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். இப்படிப் போய்வரும் வழியில் எங்கேனும் தடை ஏற்பட்டால் பிரேக் பிடித்தபடியே நின்றுவிடும். ஆகவே சுத்தியலைத் தேடுமுன் தடை எங்கே என்பதைத் தேட வேண்டும்.

முதலில் சமதரையில் வண்டியை நிறுத்தி, தூக்காத சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் புகுதல் கூடாது. உறுதியான தாங்கிகள் வேண்டும். அக்காலத்து ஜீப்புகள் பலவற்றில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடமரை கொண்டவை என்பதையும் நினைவிற் கொள்க. இதையறியாது கழற்றுவதாக எண்ணி மேலும் முறுக்கி, போல்ட்டை ஒடித்தவர் பலர்.

அடுத்து, கை பிரேக் குற்றவாளியா என்று பார்க்க வேண்டும். இவ்வண்டியில் அது சக்கரங்களில் இல்லை. கியர்ப்பெட்டிக்குப் பின்னே, பின் அச்சுக்குச் செல்லும் தண்டில் தனி டிரம்மாக உள்ளது. பின்சக்கரம் இரண்டையும் தூக்கி, ஒன்றைக் கையால் சுற்றுக. மற்றது எதிர்த்திசையில் சுற்றுமாயின் சக்கர பிரேக்குகள் நலமே, தண்டுதான் பிடிபட்டிருக்கிறது. இங்கோ இரண்டும் இம்மியும் அசையவில்லை. ஆகவே நோய் சக்கரங்களில்தான்.

இனிச் சக்கரத்தின் பின்புறமுள்ள நிப்பிளைச் சிறிது திறந்து பார்க்க வேண்டும். ஆயில் பீறிட்டு வந்து சக்கரம் விடுபட்டால், அழுத்தம் குழாயில் சிறைப்பட்டிருந்தது என்று பொருள். ரப்பர் ஹோஸ் உட்புறம் வீங்கியிருக்கும். அல்லது மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் சிறு துளை அடைபட்டிருக்கும். ஒன்றும் வாராமல் சக்கரமும் விடாவிட்டால், துருவே காரணம். எங்களுக்கு ஒன்றும் வரவில்லை.

துருவைப் பொறுமையால்தான் வெல்ல வேண்டும். ஷூக்களை நெருக்கி வைக்கும் சரிப்படுத்திகளை முதலில் தளர்த்தினோம். மரைகளுக்கும் அச்சின் நுனிக்கும் துருநீக்கி எண்ணெய் இட்டு ஓரிரவு விட்டோம். அவ்வெண்ணெய் லைனரில் படலாகாது. எண்ணெய் குடித்த லைனர் பிறகு பிடிக்காது. மறுநாள் டிரம்மைச் சுற்றிலும் மரச்சுத்தியால் மெல்லத் தட்டித் தட்டி வந்தோம். வார்ப்பிரும்பு ஓங்கி அடித்தால் உடையும். அதிர்ந்தால் துரு விடும். பின் டிரம்கள் கூம்பு வடிவ அச்சில் இறுகியிருப்பதால் புல்லர் கொண்டே இழுத்தாக வேண்டும். அப்போது அச்சு நட்டை முற்றும் கழற்றாமல் சில மரைகளில் விட்டுவைத்தோம். அன்றேல் டிரம் திடீரென விடுபட்டுக் காலில் விழும்.

மூன்றாம் நாள் மாலை கடைசி டிரம்மும் கையோடு வந்தது. தம்பி மகிழ்ந்து உள்ளேயிருந்த தூளை ஊதப் போனார், தடுத்தேன். பழைய லைனர்களில் கல்நார் கலந்திருக்கும்; அத்தூள் நுரையீரலுக்குப் பெருங்கேடு. முகமூடி அணிந்து, ஈரத்துணியால் துடைத்து, அத்துணியைப் பையிலிட்டுக் கட்டிவிட வேண்டும்.

"சக்கரம்தான் சுற்றுகிறதே, ஷூவைத் தேய்த்து மாட்டிவிடலாமே மாமா? பொங்கலுக்குப் பத்து நாள்தான் இருக்கிறது" என்றார்.

அதுவரை பேசாமல் திண்ணையில் அமர்ந்திருந்த தந்தையார் எழுந்து வந்தார். சக்கர சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் விலக்கிக் காட்டினார். உள்ளே பழுப்பு நீர். பிஸ்டனைச் சுற்றித் துரு. ரப்பர்க் கிண்ணம் பிசுபிசுத்துக் கிடந்தது. "தொப்பூர்க் கணவாயில் இறங்கும்போது இது ஒழுகினால் என்ன செய்வாய்?" என்று மட்டும் கேட்டார்.

தருமபுரிக்கும் சேலத்திற்கும் இடையேயுள்ள அவ்விறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் நேர்ந்த விபத்துகளை நம்மில் அறியாதார் யார்? இக்கால வண்டிகளில் பிரேக் இரு தனித்தனி வழிகளாகப் பிரிந்திருக்கும்; ஒன்று போனாலும் மற்றொன்று காக்கும். அக்கால ஜீப்பிலோ நான்கு சக்கரத்திற்கும் ஒரே வழி. ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போயின. இறுகிய பிரேக் வண்டியை நிறுத்தி வைக்கும். விடுபட்டுப் பழுதுபார்க்கப்படாத பிரேக்கோ வண்டியை நிறுத்தாது. இரண்டில் எது கொடிது என்று சொல்ல வேண்டியதில்லை.

தம்பி வாதாடவில்லை. அப்பொங்கலுக்கு அவர்கள் இரயிலில்தான் ஊர் சென்றார்கள்.

திரும்பி வந்தபின் வேலையைத் தொடர்ந்தோம். குழிவிழுந்த சிலிண்டர்களை விலக்கி, ஜே.சி. ரோடு கடைகளில் தேடிப் புதியன வாங்கினோம். முன்சிலிண்டரும் பின்சிலிண்டரும் ஒரே அளவினவல்ல. பழையதைக் கையோடு கொண்டு செல்வது நன்று. ரப்பர்க் கிண்ணங்களைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவலாகாது, வீங்கிக் கெடும். புது பிரேக் ஆயிலே போதும். டிரம்களை லேத்தில் கொடுத்துச் சமன் செய்தோம். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவான சக்கரத்தில் தொடங்கி ஒவ்வொன்றாகக் காற்றை வெளியேற்றினோம். மிதியில் அரை அங்குலம் வெற்றசைவு விட்டோம். அது இல்லையேல் ஆயில் திரும்பும் துளை மூடியே இருக்கும்.

இங்கே என் பிழையொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஹோஸ்கள் வெளிப்பார்வைக்குப் புதியனபோல் இருந்தமையால் "இவை போதும்" என்று கூறிவிட்டேன். வெற்றுத்திடலில் மெதுவாக ஓட்டி, அடிக்கடி பிரேக் பிடித்துப் பார்த்தபின், டிரம்களின் அருகே கையை வைத்துச் சூடு பார்த்தோம். முன்பக்க இடச்சக்கரம் மட்டும் கொதித்தது. அதன் ஹோஸை அறுத்துப் பார்த்தால் உள்வழி ஊசி நுழையும் அளவே இருந்தது! மூன்று ஹோஸ்களையும் மாற்றினோம். வயது கண்ட ரப்பரை முகம் பார்த்து நம்பலாகாது.

இந்நோய் மீண்டும் வாராதிருக்க வழி எளிது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. அவ்வீரமே உள்ளிருந்து துருவை வளர்க்கிறது. ஆகவே இரண்டாண்டுக்கொருமுறை மாற்றிவிட வேண்டும். நெடுநாள் நிறுத்தும்போது கை பிரேக்கை இழுத்து வைக்காமல், கியரில் விட்டுக் கட்டை கொடுத்தல் நலம். திங்களுக்கொருமுறை சிறிது தூரமேனும் உருட்டுதல் அதனினும் நலம்.

பழைய வண்டி வாங்கும் அன்பர்கள் ஒன்று கவனிக்க. 2021இல் வந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்து மூலவடிவம் மாறாத வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதியலாம். ஆயின் அவற்றை அன்றாடப் பயணத்திற்கு ஓட்ட இயலாது. ஊருக்குச் சென்றுவர விரும்புவோர் வழக்கமான பதிவையே புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அதற்கான சோதனையில் பிரேக்கும் பார்க்கப்படும்.

சித்திரையில் அந்த ஜீப் சேலம் சென்று வந்தது. தொப்பூரில் எப்படி இறங்கினீர்கள் என்று தந்தையாரைக் கேட்டேன். "இரண்டாம் கியரில் மெல்ல இறங்கினோம். பிரேக்கை அவ்வளவாகத் தொடவே இல்லை. ஆனால் அது இருக்கிறது என்று தெரிந்ததால், வழியெல்லாம் மலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்" என்றார்.