உமீத் தளம் திணறியதற்கு முத்தவல்லியா பொறுப்பு?

வக்ஃபு சொத்துகளைப் பதிவு செய்ய ஒன்றிய அரசு 2025 ஜூன் 6 அன்று தொடங்கிய உமீத் இணையதளம், ஆறு மாத அவகாசம் முடிந்து டிசம்பர் 6 அன்று மூடப்பட்டது. உள்ளிடப்பட்ட சொத்துகள் 5,17,040. ஒப்புதல் பெற்றவை 2,16,905 மட்டுமே. கடைசி நாட்களில் தளம் திணறியதாகப் பல மாநிலங்களிலிருந்து புகார்கள் வந்தன.

நம் பக்கம் தவறே இல்லை என்று சொல்லமாட்டோம். நீதிமன்றம் என்ன சொல்கிறது பார்ப்போம் என்றே பலர் காத்திருந்தோம். இடைக்கால உத்தரவு வரும்போது செப்டம்பர் 15 ஆகிவிட்டது.

ஆனால் கடைசி வாரத்தில் கூட்டம் கூடும் என்பது, தேர்வு முடிவு வெளியாகும் நாளைப் பார்த்த எவருக்கும் தெரியும். அங்கே மாணவர் முடிவைப் படிக்க மட்டுமே செய்கிறார். முத்தவல்லியோ பத்திரங்களை ஏற்றிச் சேமிக்கிறார். இப்படிப் பலர் ஒரே நேரத்தில் எழுதும்போது ஒருவரின் பதிவு முடியும்வரை இன்னொருவர் காத்திருக்க நேரலாம். இணைப்புகள் நிரம்பினால் தரவுத்தளமே ஸ்தம்பிக்கும். கூடுதல் சர்வர் போடுவதற்கு முன், எந்த வேலை நேரத்தை விழுங்குகிறது என்று பதிவேட்டில் பார்க்க வேண்டும். அது தளத்தை நடத்துபவரின் பொறுப்பு.

அவகாசத்தை நீட்டிக்க மறுத்த உச்ச நீதிமன்றம், டிசம்பர் 1 அன்று வக்ஃபு தீர்ப்பாயத்தை அணுகச் சொன்னது. தகுந்த காரணம் காட்டினால் மேலும் ஆறு மாதம் வரை தீர்ப்பாயம் அவகாசம் தரலாம். தளம் திறக்கவில்லை என்று வாயால் சொன்னால் அங்கே எடுபடுவது கடினம். திருநகர் போன்ற புறநகர்களின் சிறு ஜமாஅத்துகளும் பிழைச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டை நாள், நேரத்தோடு அச்சிட்டு, பத்திர நகலுடன் கோப்பில் வைத்திருக்க வேண்டும்.