வரம்பிலா முடியும் வாய்திறவாக் குடியும்

ஆள்வோர் நல்லவராய் வாய்ப்பது நாட்டின் நற்பேறு. எனினும், அந்நற்பேற்றையே காவலென நம்பியிருப்பது குடிமக்கள் தம் கடமையைக் கைவிடுவதாகும். வரம்பற்ற ஆட்சியில் கொடுத்த கையே பறிக்கவும் வல்லது என்பதற்கு, டென்மார்க்கின் முடியாட்சியும் அதன் கொடியின்கீழ் இருந்த தரங்கம்பாடியும் சான்று.

1660ஆம் ஆண்டில் முழு அதிகாரத்தையும் தன்வயமாக்கிக்கொண்ட மூன்றாம் பிரடெரிக், 1665இல் அதனை அரசச் சட்டமாக எழுதுவித்தான். மன்னன் இறைவனுக்கு மட்டுமே பொறுப்புடையவன் என்றது அச்சட்டம். அதனைச் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டு வெளியிட்டது 1709இல்தான். தம்மை ஆளும் சட்டத்தின் வாசகத்தைக் காணவே மக்கள் நாற்பத்துநான்கு ஆண்டுகள் காத்திருந்தனர்.

நான்காம் பிரடெரிக் விடுத்த ஆணையோடு 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கியவர் கிறித்தவ மறைபரப்பாளர் சீகன்பால்க். பின்னாளில் தமிழ் அச்சுக்குப் பெருந்தொண்டாற்றிய அவரை, அதே மன்னனின் கொடி பறந்த டேன்சுபோர்க் கோட்டையில் ஆளுநர் அசியசு 1708இன் இறுதியில் சிறைவைத்தார். நான்கு மாதங்கள் அடைபட்டிருந்தார். மன்னனின் ஆணையைப் பெற்றவருக்கே இந்நிலையெனில், ஆணையேதும் இல்லாத தமிழ்க் குடிகளின் நிலையைக் கூறவும் வேண்டுமோ?

இதழ்த் தொழிலில் நிற்கும் நாம் மறக்கவொண்ணாத நிகழ்வு மற்றொன்று. நோயுற்ற மன்னன் ஏழாம் கிறித்தியானின் பெயரால் ஆண்ட மருத்துவர் சுத்ருவென்சே, 1770இல் அச்சுத் தணிக்கையை அறவே நீக்கினார். உலகு வியந்த அவ்வுரிமைக்கு மறு ஆண்டே கட்டுப்பாடு விதித்தவரும் அவரே. 1772இல் அவர் தலை கொய்யப்பட்டது. 1799இல் கடுமையான அச்சுச் சட்டம் வந்தது. மக்கள் போராடிப் பெறாததை மக்களால் காக்க இயலவில்லை.

1845இல் தரங்கம்பாடி ஆங்கிலக் கும்பினிக்கு விற்கப்பட்டது. டென்மார்க்கின் அரசியலமைப்பு பிறந்தது 1849இல்; அந்த உரிமை தரங்கம்பாடிக்கு எட்டவேயில்லை.

நம் இலங்கைக்கு வருவோம். 1978இல் நிறுவப்பட்ட நிறைவேற்றதிகாரச் சனாதிபதி ஆட்சியை முடியாட்சியோடு ஒப்பிடுவது மிகையே. தேர்தல் உண்டு, நீதிமன்றம் உண்டு. ஆயினும், சனாதிபதியின் அதிகாரத்துக்கு 2001இல் அரசியலமைப்பின் பதினேழாம் திருத்தம் இட்ட வரம்பைப் பதினெட்டாம் திருத்தம் 2010இல் தகர்த்தது. 2015இல் மீண்டும் இட்டதை 2020இல் இருபதாம் திருத்தம் தகர்த்தது. 2022இல் ஒரு பகுதி மீட்கப்பட்டது. ஆள்வோரின் வசதிக்கேற்ப இடம்பெயரும் வேலி வேலியாகாது.

இவ்வாட்சிமுறையை ஒழிப்போமென 1994 முதல் தேர்தல்தோறும் வாக்குறுதி கேட்டு வருகிறோம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொருவரிடமும், எந்நாளில், எந்தச் சட்டமூலத்தால் அதனைச் செய்வீர்கள் என்று கேளுங்கள். விடை எழுத்தில் வரும்வரை விடாது கேளுங்கள்.